தவக்காலத்தில் எதை விடுவது? வாசகர் கேள்வி – பதில்

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்புக் காலமே தவக்காலம். அது தொடங்கும் திருநீற்றுப் புதன் 2027இல் பிப்ரவரி 10ஆம் தேதியே வருகிறது. ஈஸ்டர் மார்ச் 28. கிறிஸ்துமஸ் குடிலைப் பிரித்துப் பரணில் ஏற்றிய கையோடு தவக்காலம் வந்து நிற்பதால் கேள்விகளும் முன்கூட்டியே வந்துவிட்டன. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: வருடா வருடம் நாற்பது நாளும் கறி சாப்பிடுவதில்லை. பழகிப் போய்விட்டது, அது ஒரு ஒறுத்தலாகவே, தியாகமாகவே தெரியவில்லை. இந்த முறை வேறு எதையாவது விடலாம் என்றால் எதை என்று தெரியவில்லை. – வாசகி, திண்டுக்கல்

கறியை விட்ட வீடுகளில் அந்த நாற்பது நாளும் அடுப்பில் என்ன வேகிறது என்று பாருங்கள். காளான் பிரியாணி, கோபி 65, மீல் மேக்கர் சுக்கா, பனீர் பட்டர் மசாலா. நாக்குக்கு எந்த இழப்பும் இல்லை, செலவும் குறையவில்லை. உங்களுக்கு ஒறுத்தலாகத் தெரியாததற்குக் காரணம் அதுவாக இருக்கலாம். அப்படியானால் விட வேண்டியது கறியை மட்டுமல்ல, கறிக்குப் பதிலாக வந்தவற்றையும்.

வேறு எதையாவது தேடுவதென்றால், இப்போதே இரண்டு நாள் ஒரு தாளில் எழுதி வாருங்கள்: காலை எழுந்ததிலிருந்து படுக்கும் வரை, யோசிக்காமலே கை எதை நோக்கிப் போகிறது? இரண்டாவது காபி, சீரியல், ரீல்ஸ், சாப்பிட்டதும் ஒரு துண்டு இனிப்பு, மதியம் பக்கத்து மேசையில் இல்லாதவரைப் பற்றிய பேச்சு. தாளில் இருப்பவற்றில் ஒன்றை எடுத்து மூன்று கேள்வி கேளுங்கள். மூன்றாவது நாளே இது இல்லாமல் கஷ்டமாக இருக்குமா? இதனால் வீட்டில் வேறு யாருக்காவது வேலை கூடுமா? இதனால் மிச்சமாகும் பணமோ நேரமோ எங்கே போகப் போகிறது? முதல் கேள்விக்கு ‘ஆம்’, இரண்டாவதற்கு ‘இல்லை’, மூன்றாவதற்கு ஒரு திட்டமான பதில், இவை கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

பிறகு அதை ஒரே வாக்கியத்தில் எழுத வேண்டும். ‘இனிப்பைக் குறைப்பேன்’ என்று எழுதினால் பத்தாவது நாள் எது இனிப்பு, எவ்வளவு குறைவு என்று உங்களுக்குள்ளேயே வழக்கு நடக்கும். ‘காபி, டீயில் சர்க்கரை போடமாட்டேன், இனிப்புப் பலகாரம் சாப்பிடமாட்டேன், யாராவது கொடுத்தால் வாங்கிப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்துவிடுவேன்’ என்று எழுதினால் வழக்கே இல்லை. விருந்து, பயணம், காய்ச்சல் இந்த மூன்றிலும் என்ன செய்வது என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள். பெரும்பாலும் உடைவது அங்கேதான்.

ஒன்றை விடுங்கள், ஒன்றைச் சேருங்கள்; அதற்கு மேல் வேண்டாம். ஐந்தாறு தீர்மானங்களோடு புதன்கிழமை தொடங்குபவர்கள் இரண்டாவது வாரத்தில் ஒன்றை விட்டால் மற்ற எல்லாவற்றையும் சேர்த்தே விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: ஒருசந்தி, சுத்தபோசனம் இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? யாருக்கு எது கட்டாயம்? முட்டை, மீன், கருவாடு, சூப் சாப்பிடலாமா? – வாசகர், புதுக்கோட்டை

சுத்தபோசனம் என்றால் இறைச்சி சாப்பிடாமல் இருப்பது. ஒருசந்தி என்றால் ஒரு வேளை முழுச் சாப்பாடு, மற்ற இரு வேளையும் சிறிதளவு. 1966இல் திருத்தந்தை ஆறாம் பவுல் கொண்டுவந்த மாற்றமும், அதையொட்டிய 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பும் சொல்வது இவ்வளவுதான்: திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தியும் சுத்தபோசனமும் சேர்ந்த நாட்கள். மற்ற வெள்ளிக்கிழமைகளில் சுத்தபோசனம் மட்டும். நாற்பது நாளும் கறி சாப்பிடாமல் இருப்பது நம் ஊர் வழக்கமும் அவரவர் பக்தியுமே தவிர, சட்டம் அல்ல.

வயதுக் கணக்கு: 14 வயது நிறைந்தவர்கள் எல்லோருக்கும் சுத்தபோசனம் உண்டு, மேல் வயது வரம்பு இல்லை. ஒருசந்தி 18 வயது நிறைந்ததிலிருந்து 59 வயது நிறையும் வரை. நோயாளிகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்களை ஒருசந்தி கட்டுப்படுத்தாது.

ஒருசந்தி நாளுக்கு ஒரு மாதிரி: காலையில் ஒரு டம்ளர் கஞ்சி, மதியம் சோறு, சாம்பார், பொரியல், மோர் என்று வயிறாரச் சாப்பாடு, இரவில் இரண்டு இட்லி. காலையும் இரவும் சேர்ந்தாலும் மதியச் சாப்பாட்டின் அளவைத் தாண்டக் கூடாது. தண்ணீருக்கும் மருந்துக்கும் தடை இல்லை. காலையில் ‘கொஞ்சம்தானே’ என்று நான்கு இட்லி, இரவில் மூன்று சப்பாத்தி என்றால் அது வழக்கமான நாள்தான்.

மீன், கருவாடு, முட்டை, பால், நெய் எல்லாவற்றையும் சட்டம் அனுமதிக்கிறது. எலும்பு சூப்பும் கறிக்குழம்பில் மிதக்கும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டு, ‘துண்டு சாப்பிடவில்லை’ என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம். மீன் விஷயத்தில் ஒரு வார்த்தை: வெள்ளிக்கிழமை கோழியைத் தவிர்த்து, அதைவிட விலை கூடிய வஞ்சிரம் வாங்கி வறுத்தால் சட்டம் காக்கப்பட்டது, அவ்வளவுதான். மீன் அன்றாடச் சாப்பாடாக இருக்கும் கடற்கரை ஊர்களில் மீனை விடுவதுதான் உண்மையில் உறைக்கும்.

2027க்கு மட்டும் ஒரு குறிப்பு. மார்ச் 19, புனித சூசையப்பர் பெருவிழா, வெள்ளிக்கிழமை வருகிறது. பெருவிழா நாளில் வெள்ளிக்கிழமைச் சுத்தபோசனம் கட்டாயமில்லை. சூசையப்பர் பெயரைத் தாங்கிய பங்கு ஆலயங்களில் அன்று அசன விருந்து வைத்தால் யாரும் முகம் சுளிக்க வேண்டியதில்லை. நாற்பது நாளும் கறி இல்லை என்று நீங்களாக முடிவு செய்திருந்தால் அது வேறு. அந்த நாளுக்கு விலக்கு உண்டா என்பதை இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள், பந்தியில் உட்கார்ந்த பிறகு அல்ல.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை கணக்கில் வருமா, வராதா? எங்கள் வீட்டில் இதற்காகவே சண்டை. – வாசகி, திருச்சி

திருநீற்றுப் புதனிலிருந்து பெரிய சனி வரை எண்ணினால் 46 நாள். ஆறு ஞாயிற்றைக் கழித்தால் 40. ஞாயிறு ஆண்டவர் உயிர்த்த நாள் என்பதால் அன்று நோன்பு இருப்பதில்லை என்ற பழைய கணக்கு இது. இன்னொரு கணக்கும் உண்டு: தவக்கால முதல் ஞாயிறு தொடங்கி பெரிய வியாழன் வரை, ஞாயிறுகளையும் சேர்த்து எண்ணினால் அதுவும் சரியாக 40. திருநீற்றுப் புதன் முதல் அந்த வாரச் சனி வரையான நான்கு நாட்கள் பிற்காலத்தில் முன்னால் சேர்ந்தவை.

ஆக, இரு தரப்பும் ஜெயித்தாகிவிட்டது. ஞாயிறு தவக்காலத்துக்குள்தான் வருகிறது. நோன்பு நாளாக எண்ணப்படுவதில்லை. சொந்தத் தீர்மானத்துக்கு ஞாயிறு விலக்கு வேண்டுமா என்பது உங்கள் விருப்பம். ஆனால் எதை விடுகிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். சாப்பாட்டு விஷயம் என்றால் ஞாயிறு விலக்கு தாங்கும். காபி, சிகரெட், போன் போன்றவற்றில் வாரம் ஒரு நாள் இளக்கம் கொடுத்தால் திங்கட்கிழமை மறுபடி முதல் நாள்தான். ஆறு முறை தொடங்குவதைவிட ஒரே முறை தொடங்குவது எளிது.

கேள்வி: ஒரு நாளைக்கு மூன்று ஃபில்டர் காபி குடிப்பேன். போன தவக்காலத்தில் விட்டேன், இரண்டாவது நாளே மண்டை பிளந்தது, சிலுவைப்பாதை வழிபாட்டுக்குக்கூடப் போக முடியவில்லை. என்ன செய்யலாம்? – வாசகி, கும்பகோணம்

கடைசிக் காபிக்குப் பின் 12 முதல் 24 மணி நேரத்தில் தலைவலி தொடங்கும். முதல் இரண்டு நாள் உச்சம், பிறகு தணிந்து ஒன்பது நாளுக்குள் பெரும்பாலும் போய்விடும். சோர்வு, எரிச்சல், கவனம் சிதறுவது எல்லாம் கூடவே வரும். தினமும் வந்த கஃபீன் திடீரென நின்றதால் மூளையின் ரத்தக் குழாய்கள் விரிவதுதான் இதற்கு முக்கியக் காரணம். மன உறுதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. புதன்கிழமை ஒருசந்தியும் காபி நிறுத்தமும் ஒரே நாளில் சேர்ந்ததால்தான் உங்களுக்கு இரட்டை அடி.

ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமையே இறக்கத்தைத் தொடங்குங்கள். முதல் மூன்று நாள் மாலைக் காபியை மட்டும் நிறுத்துங்கள். அடுத்த மூன்று நாள் முற்பகல் காபியும் இல்லை. மிஞ்சியிருக்கும் காலைக் காபியை அதற்கடுத்த மூன்று நாள் அரை டம்ளராக்குங்கள். பத்தாவது நாளான செவ்வாய்க்கிழமை அதில் பாதி போதும். டிகாக்ஷன் அளவைக் குறைக்க மனம் வரவில்லையென்றால் தூளை மாற்றலாம். காபித்தூள் கடையில் 80:20 (காபி 80, சிக்கரி 20) வாங்குபவர்கள் 60:40 கேளுங்கள், பிறகு 53:47. சிக்கரியில் கஃபீன் கிடையாது. டிகாக்ஷன் கறுப்பாகத்தான் இறங்கும், கஃபீன் மட்டும் குறைந்திருக்கும்.

செய்யக் கூடாதது, காபிக்குப் பதில் டீக்கு மாறுவது. அதிலும் கஃபீன் உண்டு; தலைவலி வராது, ஆனால் விட்டதாகவும் ஆகாது. சில தலைவலி மாத்திரைகளிலும் கஃபீன் சேர்த்திருக்கிறார்கள், அட்டையின் பின்பக்கம் பாருங்கள்.

கையில் சூடாக ஒரு டம்ளர் இல்லாமல் பொழுது விடியாதவர்களுக்குச் சுக்குமல்லி காபி. 100 கிராம் தனியா, 50 கிராம் சுக்கு, ஒரு தேக்கரண்டி மிளகு, நான்கு ஏலக்காய். தனியாவை வாசம் வரும்வரை மட்டும் வறுத்து, சுக்கைத் தட்டிச் சேர்த்து, கொரகொரப்பாக அரையுங்கள். தனியா கருகினால் கசக்கும். ஒரு டம்ளர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி தூள் போட்டு நான்கு நிமிடம் கொதிக்கவிட்டு, கருப்பட்டி சேர்த்து வடிகட்டுங்கள். பால் வேண்டாம்.

கேள்வி: என் கணவர் வீட்டார் இந்துக்கள். நான் மட்டும் நோன்பு. எனக்குத் தனியாகச் சமைக்க வேண்டியிருக்கிறது என்று மாமியார் வருத்தப்படுகிறார். – வாசகி, மதுரை

அவர் வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. நோன்பு உங்களுடையது, அடுப்படி வேலை அவருடையது என்றால் ஒறுத்தல் செய்பவர் அவர்தான்.

வீட்டில் வழக்கமாக ஆக்கும் சோறு, ரசம், பொரியலில் இருந்தே உங்கள் சாப்பாட்டை முடித்துக்கொள்ளுங்கள். கறி ஆக்கும் நாளில் ஒரு ரசமும் அப்பளமும் போதும். அந்த ரசத்தை நீங்களே வையுங்கள். உங்கள் கணவர் வீட்டிலும் புரட்டாசி மாதம் கவுச்சி சேர்க்காத வழக்கம் இருக்கலாம். ‘எங்களுக்கு இது புரட்டாசி மாதிரி, அத்தை’ என்று ஒரு வரி சொன்னால் பாதி விளக்கம் முடிந்துவிடும்.

மருமகள்களைக் கேட்பதற்கு முன் மாமனார்களையும் ஒரு கேள்வி கேட்க வேண்டும். குடும்பத் தலைவர் ‘இந்த வருஷம் வெங்காயம், பூண்டுகூட இல்லை’ என்று அறிவித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளும் வீடுகள் உண்டு. காய் நறுக்கித் தருவதையும் தன் ஒறுத்தலில் சேர்த்துக்கொள்ளட்டும்.

கேள்வி: எனக்கு 62 வயது. சர்க்கரைக்குக் காலையும் இரவும் மாத்திரை. இளம் வயதிலிருந்தே வெள்ளிதோறும் ஒருசந்தி பிடித்துப் பழகிவிட்டேன். விட மனமில்லை. – வாசகி, வேளாங்கண்ணி

ஒருசந்திக் கடமை உங்களுக்கு முடிந்து சில ஆண்டுகள் ஆகின்றன. நோய் இருப்பதால் முன்பும் கட்டாயம் இருந்திருக்காது. சுத்தபோசனம் மட்டும் போதும்.

மாத்திரையின் பெயரைப் பாருங்கள். கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு சாப்பாட்டைக் குறைத்தால் சர்க்கரை கிடுகிடுவென இறங்கும். மருந்து அதன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும், உள்ளே சாப்பாடு வராது, காரணம் இவ்வளவுதான். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி, பேச்சுக் குழறல் வந்தால் செபமாலை பாதியில் இருந்தாலும் எழுந்துவிடுங்கள். கருவி இருந்தால் சோதித்துப் பாருங்கள். 70க்குக் கீழே என்றாலோ, கருவி இல்லையென்றாலோ, மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து உடனே குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி சோதித்து, இன்னும் ஏறவில்லையென்றால் அதே அளவு மறுபடியும். தேறியதும் ஏதாவது சாப்பிட வேண்டும். டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளில் பட்டினி வேறு விதமாக ஆபத்து. ரத்தத்தில் அமிலம் கூடலாம். நோன்பு நாளுக்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தவோ பாதியாக்கவோ வேண்டாம். மருத்துவரைக் கேட்டுத்தான் எதுவும்.

மூன்று வேளையும் நேரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டே செய்யக்கூடிய ஒறுத்தல் எத்தனையோ இருக்கிறது: சாப்பாட்டில் ஊறுகாய் இல்லை, இரவில் சீரியல் இல்லை, மனத்தாங்கலோடு பேசாமல் இருக்கும் உறவுக்கு வாரம் ஒரு தொலைபேசி அழைப்பு. கடைசியாகச் சொன்னது ஒருசந்தியைவிடக் கடினம்.

கேள்வி: என் கணவர் தினமும் குடிப்பவர். இந்தத் தவக்காலத்தில் ஒரேயடியாக விடுகிறேன் என்கிறார். சந்தோஷமாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. – பெயர், ஊர் வேண்டாம்

உங்கள் பயம் சரியானது. வாரம் ஒரு நாள் குடிப்பவர் நிறுத்துவதும், பல ஆண்டுகளாகத் தினமும் அதிகம் குடிப்பவர் நிறுத்துவதும் ஒன்றல்ல. கடைசிக் குடிக்குப் பின் 6 முதல் 8 மணி நேரத்தில் கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு, மூன்றாம் நாளில் ஆள் அடையாளம் தெரியாத குழப்பமும், இல்லாததைப் பார்ப்பதும், காய்ச்சலும் வந்தால் அது உயிருக்கே ஆபத்து. காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறதா, குடித்தால்தான் நடுக்கம் நிற்கிறதா? முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா? இரண்டில் ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் வீட்டில் வைத்து நிறுத்தக் கூடாது.

திருநீற்றுப் புதனுக்குக் காத்திருக்காமல் இப்போதே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். சில நாட்கள் மருந்தும் பி1 வைட்டமினும் கொடுத்துப் பத்திரமாக இறக்குவார்கள். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416. இரண்டும் கட்டணமில்லாதவை. வீட்டில் வலிப்பு வந்தால் 108.

விவிலியத்தின் மேல் கைவைத்துச் சத்தியம் வாங்க வேண்டாம். ஒரு நாள் தவறினால் அந்தக் குற்ற உணர்ச்சியே மறுபடி கடைக்கு அனுப்பும். இன்னும் ஒன்று: ‘நாற்பது நாள் விட்டுக் காட்டினேனே, நான் அடிமை இல்லை’ என்று ஈஸ்டர் இரவில் பாட்டிலைத் திறப்பவர்கள் உண்டு. நாற்பது நாளில் உடம்பின் தாங்கும் அளவு குறைந்திருக்கும், பழைய அளவை அன்று ஊற்றினால் அது விஷம். ஆகவே மார்ச் 28க்குப் பிறகு என்ன என்பதையும் மருத்துவரிடம் இப்போதே பேசிவிடுங்கள். உங்கள் ஊரில் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் குழு) கூட்டம் நடந்தால் அந்த நாட்களில் அவருக்கு அதுவே துணை.

கேள்வி: போனை விடலாம் என்று நினைக்கிறேன். ஆனால் வேலை, அன்பியம் (பங்கின் அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் செபக்குழு) குரூப், பாடற்குழு எல்லாம் வாட்ஸ்அப்பில்தான். – வாசகர், கோயம்புத்தூர்

போனை விடுவதாகச் சொல்லாதீர்கள், முடியாது. எது உங்களை இழுக்கிறதோ அதை மட்டும் பெயர் சொல்லி விடுங்கள். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ் போய் டிஜிட்டல் வெல்பீயிங்கைத் திறந்தால் எந்தச் செயலியில் எத்தனை மணி நேரம் போகிறது என்று தெரியும். ஐபோனில் அது ஸ்கிரீன் டைம். முதலிடத்தில் இருப்பதுதான் உங்கள் தவக்காலம்.

அதே இடத்தில் செயலிக்கு நேர வரம்பு வைக்கலாம். ஆனால் வரம்பு முடிந்ததும் அதை நீட்ட உங்கள் விரலே போதும் என்பதால் அது பலருக்கு உதவுவதில்லை. செயலியையே நீக்கிவிடுவது மேல். கணக்கு அழியாது, ஈஸ்டர் திங்களன்று மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். யூடியூப்பை நீக்க முடியாதவர்கள் அதில் பார்ப்பு வரலாற்றை நிறுத்தி வைத்தால் முகப்புப் பக்கத்தின் தூண்டில்கள் பெரிதும் குறையும். வாட்ஸ்அப்பில் அன்பியம், பாடற்குழு, அலுவலகம் மூன்றையும் மேலே பின் செய்துவிட்டு மற்றவற்றை ஆர்கைவில் தள்ளுங்கள். இரவு ஒன்பதுக்கு மேல் போன் கூடத்தில். அலாரத்துக்காகத் தலைமாட்டில் வைப்பவர்கள் ஒரு அலாரக் கடிகாரம் வாங்கிவிடுங்கள்.

‘நாற்பது நாள் போன் நோன்பு, தொந்தரவு செய்யாதீர்கள்’ என்று ஸ்டேட்டஸ் போடாதீர்கள். நோன்பு இருக்கும்போது தலைக்கு எண்ணெய் தடவி முகத்தைக் கழுவச் சொன்ன மத்தேயு 6ஆம் அதிகாரம் திருநீற்றுப் புதன் அன்றுதான் வாசிக்கப்படுகிறது.

கேள்வி: ஒன்பது வயது மகள் தானும் நோன்பு இருக்கிறேன் என்கிறாள். மகன் பிளஸ் டூ. – வாசகி, தூத்துக்குடி

மகளைச் சட்டம் கட்டுப்படுத்தாது. ஆனால் ஆசைப்படும்போது தடுக்கவும் வேண்டாம். வேளைச் சாப்பாடு, பால், முட்டை இவற்றில் கைவைக்கக் கூடாது. பாக்கெட் தீனி, சாக்லேட், கார்ட்டூன் இவற்றில் ஒன்றை ஒரு வாரத்துக்கு மட்டும் விடட்டும். அடுத்த ஞாயிறு மறுபடி கேளுங்கள், அதையேயோ வேறொன்றையோ அவளே சொல்லட்டும். நாற்பது நாள் என்பது அந்த வயதுக்கு எண்ணிப் பார்க்க முடியாத நீளம். தீனிக் காசை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் அவள் கையாலேயே போடவையுங்கள். ஏறுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

மகனுக்கு மார்ச் பொதுத்தேர்வு. பட்டினியும் தூக்கத்தைக் குறைப்பதும் வேண்டவே வேண்டாம். வெள்ளிக்கிழமை கறி இல்லை, அவ்வளவே.

கேள்வி: நாங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). லெந்து (தவக்கால) நாட்களில் எதையாவது விட வேண்டும் என்று எங்கள் சபையில் கட்டாயம் ஏதும் இல்லை. விடுவது வேதத்துக்கு ஏற்றதா? – வாசகர், பாளையங்கோட்டை

கட்டாயம் இல்லை என்பதே உங்கள் மரபின் வரலாறு. 1522இல் சூரிச் நகரில் அச்சுக்கூடம் நடத்திய ஃப்ரோஷவரின் வீட்டில் லெந்து நாளில் சிலர் தொத்திறைச்சி சாப்பிட்டார்கள். அங்கிருந்த சீர்திருத்தவாதி ஸ்விங்லி மட்டும் சாப்பிடவில்லை; ஆனால் உபவாசத்தைச் சட்டமாக்க வேதத்தில் இடமில்லை என்று பிரசங்கம் செய்து அவர்களுக்காக நின்றார். சூரிச்சில் சீர்திருத்தம் சூடுபிடித்தது அதிலிருந்துதான்.

விரும்பி இருப்பதை அவர் தடுக்கவில்லை. உபவாசத்தைப் பற்றி ஏசாயா 58ஆம் அதிகாரம் என்ன கேட்கிறது என்பதை வாசித்துவிட்டு முடிவு செய்யுங்கள்: பசித்தவனுக்கு ஆகாரத்தைப் பகிர்ந்து கொடுப்பது அதில் வருகிறது. லெந்துக் கூட்டம் இருக்கும் மாலையில் இரவுச் சாப்பாட்டை விட்டு, அதன் செலவைச் சபையின் லெந்து காணிக்கையில் சேர்ப்பது எளிதான தொடக்கம். பெரிய வெள்ளி பன்னிரண்டு முதல் மூன்று வரை ஏழு வார்த்தைகள் ஆராதனைக்கு உபவாசமாகப் போகிறவர்கள் போகும் முன் உப்புப் போட்ட நீர்மோர் இரண்டு டம்ளர் குடியுங்கள். மார்ச் கடைசி வெயிலில், கூட்டத்தில், வெறும் வயிற்றோடு நெடுநேரம் நின்று மயங்கி விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் நீரும் உப்பும் குறைவதுதான். வெளியில் சிலுவைப்பாதை நடக்கும் கத்தோலிக்கருக்கும் இதே யோசனைதான்.

கேள்வி: மிச்சமாகும் பணத்தை என்ன செய்வது? பெரிய தொகையாகவும் இருக்காதே. – வாசகர், சேலம்

கணக்குப் போட்டுப் பாருங்கள். 15 ரூபாய் டீ, நாளைக்கு இரண்டு, 40 நாள்: 1,200 ரூபாய். அது அரிசி, பருப்பு, எண்ணெயாக ஒரு வீட்டுக்குப் போய்ச் சேரும் தொகை.

‘கடைசியில் மொத்தமாகக் கொடுத்துவிடலாம்’ என்று வங்கிக் கணக்கிலேயே விட்டால் அது கரண்ட் பில்லில் கரைந்துவிடும். டீ குடிக்காத அன்றே அந்தக் காசு தனியே போக வேண்டும். காசு கையாள்பவர் உண்டியலில் போடட்டும். ஜிபேயில் வாழ்பவர் தினமும் 30 ரூபாயை மனைவி கணக்குக்கோ தனிக் கணக்குக்கோ அனுப்பட்டும். யாருக்குப் போகிறது என்பதையும் முதல் வாரமே தீர்மானித்துவிடுங்கள். பங்கில் ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையினருக்கு எந்த வீட்டில் என்ன தேவை என்று தெரியும், அவர்களைக் கேட்கலாம். உங்கள் வீட்டில் வேலை செய்பவரின் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் பாக்கி இருந்தால் தேடி அலைய வேண்டியதே இல்லை. ஈஸ்டருக்கு முந்தைய குருத்தோலை ஞாயிற்றுக்குள் கொடுத்துவிடுங்கள், அவர்களும் ஈஸ்டர் கொண்டாட வேண்டும்.

கேள்வி: நடுவில் மறந்துபோய் வெள்ளிக்கிழமை சிக்கன் ரோல் சாப்பிட்டுவிட்டேன். பாவமா? நேர்ந்துகொண்டதை முறித்தால்? – வாசகர், சென்னை

மறந்து சாப்பிட்டது பாவமாகாது. பாதியில் நினைவு வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். ஈடுகட்டுகிறேன் என்று அடுத்த நாள் பட்டினி கிடக்க வேண்டாம். மறுநாள் வழக்கம்போல் தொடருங்கள்.

நேர்ச்சை வேறு, தீர்மானம் வேறு. கடவுளுக்கு வாக்காகக் கொடுத்தது நேர்ச்சை, அது கட்டுப்படுத்தும். ‘இந்தத் தவக்காலத்தில் இனிப்பு வேண்டாம்’ என்பது தீர்மானம் மட்டுமே. முடியாத நேர்ச்சையில் மாட்டிக்கொண்டால் பங்குத்தந்தையிடம் போங்கள். தகுந்த காரணம் இருந்தால் தம் பங்கு மக்களின் தனிப்பட்ட நேர்ச்சையிலிருந்து விடுவிக்க அவருக்கு அதிகாரம் உண்டு. புதிதாகத் தொடங்குபவர்கள் நேர்ச்சையே வைக்க வேண்டாம்.

கேள்வி: சரியாக எப்போது முடிகிறது? பெரிய சனி இரவு பூசை முடிந்து வந்ததும் பிரியாணி சாப்பிடலாமா? – வாசகர், நாகர்கோவில்

வழிபாட்டுக் கணக்கில் பெரிய வியாழன் மாலைத் திருப்பலி தொடங்கும்போது தவக்காலம் முடிகிறது. பெரிய வெள்ளியின் நோன்பு தனி. வழக்கத்தில் எல்லோரும் பெரிய சனி இரவுப் பூசையான பாஸ்கா திருவிழிப்பு வரை காக்கிறார்கள்.

சாப்பிடலாம், தடை இல்லை. ஆனால் நாற்பது நாள் பருப்பும் காயுமாக இருந்த வயிற்றுக்கு நள்ளிரவு ஒரு மணிக்கு மட்டன் பிரியாணி என்றால் நெஞ்செரிச்சலும் உப்புசமும் நிச்சயம். கொழுப்பு செரிக்க நேரமாகும், சாப்பிட்டதும் படுத்தால் அமிலம் மேலேறும். அந்த இரவில் கேக்கும் ஒரு டம்ளர் பாலும் போதும். கறியைச் சனிக்கிழமை மாலையே வாங்கி, தயிரும் மசாலாவும் தடவி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, ஞாயிறு மதியம் ஆக்குங்கள்.